வெள்ளி உருவாகிறது, ஆனால் கார்பன் நானோகுழாயில் ஒட்ட மறுக்கிறது: உதவுங்கள்

மல்லிகைக்கொடி: பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். பல சுவர் நானோகுழாய்களின் (ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மிக நுண்ணிய கார்பன் குழாய்கள்) மேல் வெள்ளி நானோதுகள்களைப் படியவைக்க மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். குழாய்த்தூளை நீரில் கலக்கி, சில்வர் நைட்ரேட், அது வெள்ளியாக மாற உதவும் ஐசோபுரொப்பனால், துகள்கள் திரளாமலிருக்கச் சிட்ரேட் சேர்த்து, 20 கிலோஹெர்ட்ஸ் மீயொலி முனையை (கரைசலுக்குள் அதிரும் உலோகக் கம்பி) ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினேன். அணைத்த ஐந்தாவது நிமிடம் கறுப்புக் குழாய்த்தூள் அடியில் இறங்கிவிடுகிறது. மேலே தெளிந்த மஞ்சள் நீர். வடிகட்டினால் மஞ்சளும் தாளைத் தாண்டிப் போய்விடுகிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் குழாய்கள் மொட்டை.

பழைய குடுவை: மஞ்சள் வந்தால் வெள்ளித் துகள் பிறந்துவிட்டது என்று பொருள், 400 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே அது ஊதா ஒளியை விழுங்கும். பிறந்த இடம்தான் கோளாறு. தங்கை, குழாய்களை அமிலத்தில் பதப்படுத்தினீர்களா?

மல்லிகைக்கொடி: இல்லை அண்ணா. டப்பாவிலிருந்து நேரே எடுத்துப் போட்டேன்.

பழைய குடுவை: அதுதான். பதப்படுத்தாத நானோகுழாய்க்குத் தண்ணீர் பிடிக்காது, ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். அடர் கந்தக அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு: மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகள் (நீரோடு ஒட்டும் அமிலத் தொகுதிகள்) முளைக்கும், வெள்ளி அயனி (நீரில் கரைந்த, மின்னேற்றமுள்ள வெள்ளி) அங்கே உட்காரும். புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள். அமிலத்தன்மை போகும்வரை கழுவுங்கள். மீந்த நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைத்துவிடும். அயனியும் குழாயும் கொஞ்ச நேரம் சேர்ந்து கலங்கட்டும், பிறகு மீயொலி. சிட்ரேட்டை விட்டுவிடுங்கள். துகளைத் தண்ணீரிலேயே தாங்கிப்பிடிப்பது அதுதான்.

ஈய விரல்: ஒரு மணி நேரம் நிறுத்தாமலா! குழாய்கள் துண்டுதுண்டாகியிருக்கும். சில நொடி ஓட்டி, சில நொடி நிறுத்துங்கள். குடுவையைச் சுற்றி ஐஸ் வையுங்கள். நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஐஸில் உப்பு போடாதீர்கள். ஒரு துளி தெறித்தாலும் வெள்ளி குளோரைடாகிவிடும். பைப் தண்ணீரில் கழுவுவதும் அதே வம்புதான். முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: குழிகுழியாக அரித்திருந்தால் முனையின் டைட்டானியத் தூளும் உங்கள் மாதிரியில் கலந்திருக்கும். அதை வெள்ளி என்று நம்பி ஒரு மாதம் மகிழ்ந்தவன் நான்.

மல்லிகைக்கொடி: அமிலப் பதம் முடித்து நேற்று மறுபடி ஓட்டினேன். இரவு முழுவதும் கறுப்பு இறங்கவில்லை! வடிநீரும் நிறமற்று இருக்கிறது. ஒட்டிவிட்டதா?

பழைய குடுவை: அவசரப்படாதீர்கள். வெள்ளி அயனியாகவே தங்கிவிட்டாலும் நீர் நிறமற்றுத்தான் இருக்கும். வடிநீரில் கொஞ்சம் தனியே எடுத்து ஒரு சொட்டு உப்புநீர் விடுங்கள். அயனி இருந்தால் வெள்ளி குளோரைடாகிப் பால்போல் கலங்கும்.

மல்லிகைக்கொடி: விட்டேன். மெல்லிய பால் கலங்கல்.

பழைய குடுவை: அப்படியென்றால் கொஞ்சம் அயனிகள் வேலைக்கு வராமல் வெளியேறியிருக்கலாம். ஆர்கான் வாயுவைக் குமிழவிட்டு ஆக்சிஜனை விரட்டிவிட்டு, இன்னும் சற்று நேரம் ஓட்டிப் பாருங்கள்.