மொரிஸ் மனிஃபிக்காவின் நான்கு வெண்கலங்களை எப்படி மதிப்பிடுவது?

குளக்கட்டு எழுதியது:
வணக்கம். கிளிநொச்சியில் உடற்கல்வி கற்பிக்கிறேன். இரணைமடுக் குளக்கட்டில் 5000 மீற்றருக்குப் பயிற்சி எடுக்கும் என் மாணவன் ஒருவன் அஞ்சலோட்டத்துக்கு வர மறுக்கிறான். நால்வர் பங்கிட்ட பதக்கம் தன் கணக்கில் சேராதாம். பிரான்ஸிலுள்ள என் தமையனார், நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர் மொரிஸ் மனிஃபிக்காவைப் பற்றி அவனுக்குச் சொல்லச் சொன்னார். தேடிப் பார்த்தால், அவருடைய ஒலிம்பிக் பதக்கங்கள் நான்கும் வெண்கலம், நான்கும் கூட்டாகப் பெற்றவை. தனியாக வெல்ல முடியாதவரா அவர்?

முறிகண்டியான் எழுதியது:
இல்லை, சேர். 2015 இல் சுவீடனின் ஃபாலுன் நகரில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில், 15 கிலோமீற்றர் தனிப்போட்டியில், யொஹான் ஒல்சனுக்கு அடுத்தபடியாக வெள்ளி வென்றவர் அவர்; உலகக் கிண்ணத் தனிப்போட்டிகளிலும் பல தடவை முதலிடம் பெற்றவர். பிரான்ஸின் நிலைமையையும் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டில் அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே 2006 இல் ரொடி தராகோன் வென்ற வெள்ளிதான். அஞ்சலில் அந்த ஆண்டும் 2010 இலும் நான்காமிடம். 2010 இல் வன்கூவரிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அந்த நால்வரில் மனிஃபிக்காவும் ஒருவர். அதன் பிறகே 2014, 2018, 2022 என மூன்று ஒலிம்பிக்கிலும் அஞ்சல் வெண்கலம் வந்தது. நான்காவது பதக்கம், 2018 இல் ரிஷார் ஷூவுடன் இணைந்து அணி விரைவோட்டத்தில் பெற்றது.

ஒட்டுசுட்டான் அக்கா எழுதியது:
ஒன்றைச் சேர்க்கிறேன். அவர் ஓடிய 4×10 கிலோமீற்றர் அஞ்சலில் முதல் இருவரும் பனியில் வெட்டிய இரட்டைத் தடத்துக்குள் மரபு முறையில் செல்ல வேண்டும். பனிச்சறுக்குக் கட்டையில் பாதத்தின் கீழ் பூசிய பிடிமான மெழுகு பனிக்குப் பொருந்தாவிட்டால், மழை நனைத்த களிமண் ஏற்றத்தில் பாட்டாச் செருப்போடு ஏறுவது போலக் கால் பின்னுக்கு வழுக்கும். பின்னிருவர் கால்களை அகட்டித் தள்ளிச் செல்லும் சுதந்திர முறையில் ஓடுவார்கள். 2014 இல் இரண்டாவதாக மரபு முறையில் ஓடிய மனிஃபிக்கா, 2022 இல் கடைசி ஆளாகச் சுதந்திர முறையில் நோர்வேயின் நட்சத்திர வீரர் கிளேபோவும் ஓடிய சுற்றில் ஓடினார். இரண்டு முறையிலும் நம்பி நிறுத்தக்கூடியவர் எத்தனை பேர்? கோல் கூடக் கிடையாது. வருகிறவர் அடுத்தவரின் உடலைக் கையால் தொட வேண்டும், அவ்வளவுதான்.

குளக்கட்டு எழுதியது:
இருவருக்கும் நன்றி. வன்கூவர் நான்காமிடத்தை அவனிடம் சொன்னேன், "அப்ப அவரும் தோத்தவரோ, சேர்?" என்று மட்டும் கேட்டான். நாளை மாலை கோல் மாற்றும் பயிற்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் கடைசி ஆளாகத்தான் ஓடுவானாம்.