தன்னைப் பற்றி எழுத வைப்பது எப்படி? வழி சொல்லுங்கள்

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. காசிமேடு பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 'இந்த வருடம் நான் எப்படி மாறியிருக்கிறேன்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால், 'கடினமாக உழைத்தேன், வெற்றி பெற்றேன்' என்று மேடைப் பேச்சாகவே எழுதித் தருகிறார்கள். வாயால் கேட்டால் கொட்டுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் இல்லையா? அப்போது வீட்டில் இருந்த அப்பாவோடு உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டே முதல் தடவை நிதானமாகப் பேசியதை ஒரு பையன் அவ்வளவு அழகாகச் சொன்னான். தாளில் வந்தது: 'விடுமுறை பயனுள்ளதாக இருந்தது.'

அனுபவத்தைத் திரும்பிப் பார்ப்பதற்காக கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-இல் வகுத்த ஆறு படிகளை (நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, ஏன் அப்படி, என்ன புரிந்தது, அடுத்து என்ன) பலகையில் எழுதிப் பார்த்தேன். ஆறுக்கும் ஆறு வரி எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். மூன்று கேள்வியாகக் குறைக்கலாமா? முதலில் பேசவிட்டு அப்புறம் எழுத வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இன்னொன்று. வீட்டுக் கஷ்டத்தை எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் போட மனசு வரவில்லை. மதிப்பெண் இல்லை என்றால் பலர் எழுதவே மாட்டார்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உங்கள் மாணவர்கள் எழுதியது இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு, பெயரை மறைத்து ஒரு பத்தி பகிருங்கள். காலாண்டு விடுமுறைக்கு முன்பே தொடங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.