கோலாலம்பூர்ல 4 நைட், லிஃப்ட் இருக்கிற சீப் ஹோட்டல் எந்த ஏரியால பாக்கலாம்?

படேதலாவ்_அம்மா:
வணக்கம்ங்க, கிருஷ்ணகிரியில இருந்து எழுதறேன். மே லீவுக்கு கோலாலம்பூர் டிக்கெட் போட்டாச்சு, பெங்களூர்ல நைட் ஏறினா அங்க காலைல 6 மணிக்கெல்லாம் இறக்கி விட்டுருவான். நான், வீட்டுக்காரர், 12 வயசுலயும் 7 வயசுலயும் ரெண்டு பசங்க, கூட எங்க அத்தை. அத்தைக்கு முழங்கால் வலி, ஆனாலும் பத்துமலை முருகனைப் பாக்காம ஊருக்கு திரும்ப மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டாங்க. ரூமுக்கு ஒரு நாளைக்கு 4000 ரூபா தாண்டக்கூடாது. மூணு நாளா போனை நோண்டிட்டு இருக்கேன், 1900க்கு ஒண்ணு காட்டுது, போட்டோல பாத்தா அரண்மனை மாதிரி இருக்கு, அதுதான் பயமா இருக்கு. பிரிக்ஃபீல்ட்ஸ்ங்கறாங்க, புக்கிட் பிந்தாங்ங்கறாங்க. இவரு என்னடான்னா தூங்கறதுக்குத்தானே, எதையாவது போடுங்கறார். போனவங்க சொல்லுங்க.

பாலக்கோட்டுக்காரன்:
அக்கா அந்த 1900ஐ தொடாதீங்க. போன வருஷம் நான் அதே மாதிரி ஒண்ணுல மாட்டினேன், பேர் வேண்டாம். கீழ கடை, மேல ரூம், பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, மூணாவது மாடி. ஏணி மாதிரி செங்குத்தா படி, நானும் மச்சானும் ஆளுக்கு ரெண்டு பெட்டி தூக்கிட்டு ஏறி மூச்சு வாங்கி நின்னோம். ரூமுக்குள்ள போய் என் வீட்டுக்காரி ஆசையா ஸ்கிரீனை இழுத்தா பின்னாடி ஜன்னலே இல்ல, வெறும் செவுரு, அதுக்கு ஒரு ஸ்கிரீன்! சண்டைக்குப் போனா புக்கிங்ல ஜன்னல் இல்லாத ரூம்னு போட்டிருக்கு சார்னு காட்டறான், போட்டிருக்கான்தான், எறும்பு சைஸ் எழுத்துல. அதனால ரேட் பாக்கறதுக்கு முன்னாடி லிஃப்ட் இருக்கா, ஜன்னல் இருக்கா, அஞ்சு பேருக்கு எத்தனை கட்டில், இந்த மூணையும் ஹோட்டலுக்கே மெசேஜ் போட்டு கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. ரிவ்யூல 10க்கு 9 போட்டவனை விட்டுட்டு 4 போட்டவன் எழுதினதை, அதுவும் கடைசி ரெண்டு மூணு மாசத்துல எழுதினதை படிங்க. அவன்தான் மூட்டைப்பூச்சியை பத்தி எழுதியிருப்பான்.

அப்புறம் டெபாசிட். கவுன்டர்ல 100 ரிங்கிட் வாங்கி வெச்சாங்க, கிளம்பறப்ப தலகாணில கறைன்னு அதுல 30 பிடிச்சுட்டாங்க. கறை என்னன்னா இவ நெத்தி குங்குமம். அத்தைகிட்ட சொல்லி வைங்க.

ராயக்கோட்டை_தக்காளி:
நான் 6 வருஷம் அங்க வேலை பாத்தவன்மா. உங்க அத்தை வர்றதால பிரிக்ஃபீல்ட்ஸ்தான் சரி, யோசிக்கவே வேண்டாம். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டின ஏரியா, அங்க இருந்தே பத்துமலைக்கு கேடிஎம் ரயில் போகுது, ட்வின் டவருக்கு எல்ஆர்டில, அதான் மெட்ரோ மாதிரி சிட்டி ரயில், மாறாம போகலாம், மோனோரயில் ஏறினா புக்கிட் பிந்தாங். காலைல இட்லி, மத்தியானம் வாழை இலை சாப்பாடு, கடைக்காரர்கிட்ட தமிழ்லயே பேசிக்கலாம். நடைபாதைல கண்ணு தெரியாதவங்களுக்காக மேடு மேடா டைல்ஸ் பதிச்சிருக்கும், பெட்டியை அது மேல உருட்டினா தடதடன்னு தெருவே திரும்பிப் பாக்கும், ஓரமா இழுங்க. ஆனா பிரிக்ஃபீல்ட்ஸ்னு பேர் போட்டுட்டு தள்ளி இருக்கறதும் உண்டு, மேப்ல ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷ நடைன்னு பாருங்க, 10க்கு மேல காட்டினா விட்டுருங்க.

செலவுல ஒண்ணு விட்டுப் போகும். வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூமுக்கு ஒரு நைட்டுக்கு 10 ரிங்கிட் டூரிசம் டாக்ஸ் இருக்கு, ஆன்லைன்ல முழுசா கட்டியிருந்தாலும் பெரும்பாலும் கவுன்டர்லதான் கேப்பாங்க, அது ஏமாத்து இல்ல. ரெண்டு சின்ன ரூம் போட்டா ரெண்டுக்கும் கட்டணும், அதனால ஃபேமிலி ரூம் ஒண்ணா பாருங்க. ஏர்போர்ட்ல இருந்து எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணில வந்துரும், ஆனா பெரியவங்களுக்கு தலைக்கு 55 ரிங்கிட். அஞ்சு பேருக்கு 6 சீட்டர் கிராப் (ஓலா மாதிரி ஆப் டாக்ஸி) போட்டா அதை விட கம்மிதான், ஹோட்டல் வாசல்லயே இறங்கலாம். 

பத்துமலைல 272 படி, அத்தை ஏற வேண்டாம், 140 அடி முருகன் கீழயேதான் நிக்கறார். ரூம் எப்படியும் மத்தியானம் 2, 3 மணிக்குத்தான் குடுப்பாங்க, பெட்டியை ரிசப்ஷன்ல போட்டுட்டு முதல் நாள் காலைலயே போயிருங்க, வெயிலும் இருக்காது.

படேதலாவ்_அம்மா:
அண்ணா ரொம்ப நன்றி. ஆனா குளிக்காம எப்படி கோயிலுக்குன்னு அத்தை ஒரே போடா போட்டுட்டாங்க.

மாங்கனி_2:
பாயின்ட் 😀 முந்தின நைட்டையும் சேத்து புக் பண்ணி, காலைல 8 மணிக்கு வருவோம்னு மெயில் போடுங்க, வந்ததும் ரூம் கிடைக்கும், 4000 போனாலும் பசங்க தூங்கிக்குவாங்க. இல்லன்னா கோயிலை ரெண்டாம் நாள் வைங்க. என்னைக் கேட்டா பசங்களுக்கு புக்கிட் பிந்தாங்தான் ஜாலி, கீழ இறங்கினா மால், தெருவெல்லாம் சாப்பாடு, ஆனா ராத்திரி 1 மணி வரைக்கும் பாட்டு சத்தம், அத்தை தூங்கின மாதிரிதான். இன்னொண்ணு, பெரிய முருகனை பாக்கணும்னா நம்ம ஆத்தூர் பக்கம் முத்துமலைல 146 அடிக்கு நிக்கறார், பஸ்லயே போயிட்டு வந்துரலாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. ரூமுக்குள்ள டுரியான் பழம் கொண்டு போகாதீங்க, நிறைய ஹோட்டல்ல ஃபைன்.

படேதலாவ்_அம்மா:
ஸ்டேஷன்ல இருந்து 6 நிமிஷ நடைல ஒரு ஃபேமிலி ரூம், 3700. லிஃப்ட் போட்டோ அனுப்புங்கன்னு கேட்டேன், லிஃப்டுக்குள்ள நின்னு செல்ஃபியே எடுத்து அனுப்பிட்டாங்க. ஜன்னல் இருக்கு, ரோடு தெரியும்னாங்க. முந்தின நைட்டையும் சேத்து 5 நைட்டா போட்டாச்சு, அந்த ஒரு நைட்டுக்கு காசு போகுதேன்னு இவருக்கு முகம் சரியில்ல. அத்தை இப்ப கேக்கறது ஒண்ணே ஒண்ணு, பாத்ரூம்ல பக்கெட் இருக்குமா?

ராயக்கோட்டை_தக்காளி:
பக்கெட் இருக்காதும்மா, ஷவர்தான். ஆனா டாய்லெட்ல தண்ணி பைப் கண்டிப்பா இருக்கும். ஒரு பிளாஸ்டிக் சொம்பு பெட்டில போட்டுக்கோங்க.