ஒரே மீட்டர், நாலு குடித்தனம்: யூனிட்டுக்கு 8 ரூபாய் நியாயமா?

தண்டையார்பேட்டை தையல்காரி:
நாலு குடித்தனம் உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஈபி மீட்டர் ஒன்றுதான், எங்களுக்கெல்லாம் சப் மீட்டர். இதுவரை யூனிட்டுக்கு 7 ரூபாய் வாங்கிய வீட்டுக்காரர், "கரண்ட் பில் ஏறிடுச்சும்மா" என்று இப்போது 8 கேட்கிறார். இரண்டு மாதத்துக்கு எனக்கு 155 யூனிட், அதாவது 1,240 ரூபாய். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மெஷின் மோட்டார் அவ்வளவு இழுக்காது, இஸ்திரிப் பெட்டிதான் எமன். அதனால் பத்து பிளவுஸ் சேர்ந்தபின் ஒரே சூட்டில் தேய்த்துவிடுகிறேன். 100 யூனிட் இலவசம் என்கிறார்களே, அது எங்கே போகிறது?

வேளச்சேரிவாசி:
உங்கள் வீட்டு மீட்டருக்கு ஒரே ஒரு 100தான் இலவசம், நாலு வீட்டுக்கும் சேர்த்து. 2022 செப்டம்பர் கட்டணத்தில் போட்டுப் பார்த்தேன் (பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது). தனி மீட்டர் இருந்தால் உங்கள் 155 யூனிட்டுக்குச் சுமார் 124 ரூபாய்தான். எனக்குத் தனி மீட்டர், ஏசியோடு 480 யூனிட், 1,605 ரூபாய். யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்காரன்:
நானும் வீடு வாடகைக்கு விடுகிறவன்தான், எல்லாரையும் திட்டாதீர்கள். அந்த 2022 கட்டணத்திலேயே மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய் 4.50 ஆகிவிடும். தண்ணி மோட்டார், மாடிப்படி லைட் வேறு.

வேளச்சேரிவாசி:
சரி, நாலு வீடும் ஆளுக்கு 155 என்றால் 620 யூனிட். அதே கட்டணத்தில் பில் 2,930 வரும், வசூல் 4,960. மீதி 2,030 ரூபாய்க்கு மோட்டார் ஓடுமா அண்ணே?

அத்திப்பட்டுக்காரன்:
எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடியது. வடசென்னை நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டுமே 1,830 மெகாவாட். சாம்பல் எங்கள் மொட்டை மாடியில், கொசஸ்தலையாற்றில். கரண்ட் வெந்து வருகிற வடசென்னைப் பக்கமே யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஏசி ஓடுகிற தென்சென்னைப் பக்கம் மூன்றரை! தங்கச்சி, உங்கள் பேரில் தனி இணைப்பு கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் சம்மதம் கேட்பார்கள்.

தண்டையார்பேட்டை தையல்காரி:
நேற்று ராத்திரியே கேட்டேன் அண்ணா. "அட்வான்ஸ் ரெடியா இருக்கு, வேற வீடு பாத்துக்கம்மா" என்றார். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று எட்டையே கொடுத்துவிட்டேன்.