கோயில் சுவருக்கு டைல்ஸ் ஒட்டலாமா? ராமநாதபுரம் கடலோரப் பழைய கத்தோலிக்க ஆலயங்கள்

பாம்பன்காற்று:
பழைய கோயிலை எடுத்துச் செய்யும் இடத்திலெல்லாம் இதே பட்டியல்தான்: தரைக்குக் கிரானைட், சுவருக்கு நாலடி டைல்ஸ், மேலே பிஓபி சீலிங். உப்புப் பூத்து உதிரும் சுவருக்கு வருஷாவருஷம் வெள்ளையடித்து மாளாது. டைல்ஸ் என்றால் துணியால் துடைத்தால் போச்சு. கொடியேறும் அன்று கோயில் பளிச்சென்று இருக்கும். இதில் என்ன தப்பு?

காரைச்சாந்து:
துடைப்பது டைல்ஸை, உப்பு இருப்பது அதற்குப் பின்னால். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாகத்தான் வெளியே போகும். நாலடியை அடைத்தால் ஐந்தாவது அடியில் வெளிவரும். டைல்ஸ் முடிகிற விளிம்புக்குச் சற்று மேலே தொட்டுப் பாருங்கள், பெயிண்ட் கொப்பளித்து மாவாக உதிரும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கரையும், இறங்கினால் மறுபடி பரலாகும். நம் கரையில் ராத்திரி கரைந்து உச்சிவெயிலில் இறுகுகிறது. ஒவ்வொரு தடவை இறுகும்போதும் செங்கலின் துளைக்குள் நெம்புகிறது. முருகைக்கல் சுவர் இன்னும் பாவம். கடலில் கிடந்த பவளக் கல், உப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் சிமென்ட் பூசிப் பிறகு உரித்தால் கல்லும் சேர்ந்து வரும்.

பாம்பன்காற்று:
அண்ணே, கோயில் எந்தக் காலத்தில் ஒரே மாதிரி இருந்தது? 1960கள் வரை சுவரோடு ஒட்டிய பீடம், லத்தீன் பூசை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பீடம் முன்னால் வந்தது, பல ஊர்களில் பீடத்துக்கு முன் இருந்த தடுப்புக் கிராதி போச்சு, குத்துவிளக்கு வந்தது. அதையெல்லாம் ஏற்றுக்கொண்டு டைல்ஸுக்கு மட்டும் ஏன் இந்தக் கோபம்?

ஓரியூர்மண்:
1964 செப்டம்பரில் ரோமிலிருந்து வந்த அறிவுரை, பீடம் சுவரைவிட்டு விலகி, சுற்றிவர இடமிருப்பது நல்லது என்றது. பழைய பீடத்தை இடி என்றோ கிராதியைப் பிடுங்கு என்றோ அதில் இல்லை. அது நம் ஆட்களின் ஆர்வக்கோளாறு. குத்துவிளக்கு 1969இல் இந்தியப் பூசைக்கென்று ரோம் ஒப்பிய 12 அம்சங்களில் வந்தது. வேண்டாமென்றால் விளக்கைத் தூக்கி ஓரமாக வைக்கலாம். ஒட்டிய டைல்ஸை அப்படி எடுக்க முடியுமா?

பாம்பன்காற்று:
சரி, டைல்ஸ் வேண்டாம். அப்போ சுவரை என்ன செய்வது? வழியைச் சொல்லுங்கள்.

காரைச்சாந்து:
முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, வெளியே போட்ட சிமென்ட் தளம் உள்தரையைவிட உயரமா? அதைச் சரிசெய்யாமல் கரண்டியைத் தொடாதீர்கள்.

சிமென்ட் பூச்சை மெல்லத் தட்டி எடுத்து, இடுக்குச் சாந்தை இரண்டு செ.மீ. ஆழம் சுரண்டி, காய்ந்த பிரஷால் தேய்த்து, விழும் உப்பைக் கூட்டி வெளியே கொட்டணும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்தான் போகும். பிறகு நனைத்த காகிதக்கூழை அப்பிக் காயவிட்டு உரிக்கணும். இப்படி இரண்டு மூன்று தடவை.

சுண்ணாம்பு ஒரு மாதமாவது நீரில் ஊறணும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல், கடுக்காய் கருப்பட்டி ஊறிய தண்ணீர். கடல்மணலோ உப்புக் கிணற்றுத் தண்ணீரோ சேர்ந்தால் செய்த வேலையெல்லாம் வீண். ஒரு தடவைக்கு 10–12 மி.மீ.க்கு மேல் பூசினால் வெடிக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் கூடாது. இந்தப் பூச்சும் சில வருஷத்தில் உப்பை உறிஞ்சி உதிரும். உதிரட்டும், சுவர் தப்பிக்கும்.

ஓரியூர்மண்:
உதிர்ந்த முருகைக்கல்லைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, புதிதாகக் கடலில் எடுக்க முடியாது. இடிந்த மதில் கல்தான் கைக்குதவும்.

பாம்பன்காற்று:
தரைக் கிரானைட்டையாவது விடுங்களேன். தரையில் உட்கார்ந்து பூசை காணும் சனம்.

காரைச்சாந்து:
போடுங்க தம்பி. சுவரோரம் சுற்றிலும் ஒரு அடி விட்டு, அதைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் பாவி முடியுங்கள், ஈரம் அந்த வழியாகப் போகட்டும். பழைய தரைக்கு மேலேயே ஒட்டவேண்டாம். தூணின் அடிப்பீடம் ஏற்கெனவே எத்தனை அங்குலம் புதைந்திருக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டு வாருங்கள், மேலே பேசுவோம்.