மறுமொழி: சிஸிஜிக்குத் தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

சிஸிஜி (syzygy) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'நேர்கோட்டமைவு' என்று வைக்கலாம் என்ற பரிந்துரை எனக்குச் சரியாகப் படவில்லை. சிஸிஜி என்பது வானியலில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பொதுவான பெயர்: ஞாயிறு, புவி, நிலா மூன்றும் ஏறத்தாழ ஒரே வரிசையில் வரும் நிலை. இந்த 'ஏறத்தாழ' முக்கியம். நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை. 'நேர்கோடு' என்று பெயரிலேயே சொல்லிவிட்டால், பிறகு பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது?

கிரேக்கத்தில் 'சுன்' என்றால் கூட, 'சுகோன்' என்றால் நுகத்தடி. ஒரே நுகத்தில் பூட்டிய சோடி என்பதே வேர்ப்பொருள். நுகத்தடியைக் குறிக்கும் வடமொழி 'யுகம்', ஆங்கில 'யோக்' இரண்டும் இதே வேரில் பிறந்தவை. கோடு என்ற எண்ணமே அந்தச் சொல்லில் இல்லை.

நம்மிடம் 'உவா' இருக்கிறதே! காருவா அமாவாசை, வெள்ளுவா பௌர்ணமி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? புறநானூறு 65-இல் கழாஅத்தலையார் உவா நாள் மாலையைச் சொல்கிறார்: 'இருசுடர் தம்முள் நோக்கி' நிற்க, ஒரு சுடர் மலையில் மறைகிறது. சித்ரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரியில் நின்று பாருங்கள். மேற்கே சிவந்து இறங்கும் ஞாயிறு, திரும்பினால் கிழக்கே கடலிலிருந்து எழும் நிலா, நடுவில் நாம். சிஸிஜிக்கு இதைவிட நல்ல விளக்கப்படம் கிடையாது.

ஆகவே வானியலுக்கு 'உவாநிலை' என்பது என் பரிந்துரை. அந்நாட்களை ஒட்டிக் கடல் அதிகம் பொங்குவதை 'உவா ஓதம்' என்று சொல்லிவிடலாம்.

கணிதத்துக்கு மட்டும் இது பொருந்தாது. ஆங்கிலேயக் கணிதவியலர் சில்வெஸ்டர் 19-ஆம் நூற்றாண்டில் சிஸிஜி என்ற சொல்லை இயற்கணிதத்துக்குக் கொண்டுவந்தார். 1890-இல் வந்த, ஜெர்மானியக் கணிதவியலர் ஹில்பர்ட்டின் தேற்றம் ஒன்று இந்தப் பெயரிலேயே வழங்குகிறது. கச, சத என்று இரண்டு கோவைகள் இருக்கட்டும். முதலாவதைத் த-வாலும் இரண்டாவதைக் க-வாலும் பெருக்கினால் இரண்டும் கசத ஆகிவிடும்; கழித்தால் பூச்சியம். கோவைகளை இப்படிப் பிணைக்கும் உறவுதான் அங்கே சிஸிஜி. இதற்கு 'நுகவுறவு' என்று வைக்கலாமா? கணிதம் கற்பிப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.