வேர்டு ரிப்பனில் தமிழ்ப் பொத்தான்கள்: பயிற்சித்தாள் தயாரிப்புக்கு மேக்ரோ எழுதுவது எப்படி?

கேள்வி: உட்லண்ட்ஸ் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்தி வருகிறேன். என்னுடன் பகுதிநேரமாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலரும் நானும் பயிற்சித்தாள்களை வேர்டில்தான் தயாரிக்கிறோம். கருத்தறிதல் பகுதியை ஒட்டி, வேண்டிய சொற்களை நீக்கி, அவ்விடங்களில் கோடிட்டு, எண் கொடுத்து, விடைகளைத் தனியே எழுதி முடிப்பதற்குள், வினாக்களைச் சிந்திக்க வேண்டிய நேரம் வடிவமைப்பிலேயே போய்விடுகிறது. மூத்த ஆசிரியர்களுக்குத் தமிழ் இலக்கணம் விரல்நுனியில் இருக்கிறது. ஆனால், ஆங்கில மெனுக்களுக்குள் ஒவ்வொன்றாகத் தேடுவது அவர்களுக்குப் பெரும் சிரமம். ஆகவே, வேர்டின் மேற்பகுதியிலுள்ள ரிப்பனில் (பொத்தான் பட்டையில்) ‘பயிற்சித்தாள்’ என்றொரு டேபை உருவாக்கி, ‘கோடிட்ட இடம் ஆக்கு’, ‘தெரிவுவிடை சேர்’, ‘விடைகளை மறை’, ‘தமிழ் எழுத்துரு’, ‘ஆங்கில எழுத்துரு’ ஆகிய பொத்தான்களை மட்டும் அதில் வைக்க விரும்புகிறேன்.

மேக்ரோக்களை (தொடர் வேலைகளை ஒரே சொடுக்கில் செய்யும் சிறு நிரல்களை) பதிவுசெய்து பார்த்தேன். அவை வேலை செய்கின்றன. ஆனால், நிரலுக்குள் ‘வினா’ என்று தட்டச்சு செய்தால் கேள்விக்குறிகளே வருகின்றன. சீனமொழி கற்பிக்கும் தோழி ஒருவரின் கணினியில் அதே ஜன்னலில் சீன எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றனவே, தமிழ் மட்டும் ஏன் தெரிவதில்லை? மேலும், என் கணினியில் அமைத்த குறுக்குவிசைகள் கோப்புடன் சேர்ந்து மற்றவர்களின் கணினிகளுக்குப் போவதில்லை. ஆசிரியர்களில் ஒருவர் மேக் வைத்திருக்கிறார். இன்னொருவர் பிரவுசரிலேயே வேர்டைத் திறக்கிறார். எல்லாருக்கும் பொதுவான வழி உண்டா?

மறுமொழி: பிடோக் வாசகன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் நினைப்பவற்றில் பெரும்பாலானவை செய்யக்கூடியவையே. கேள்விக்குறிகளுக்கான காரணத்திலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்தால், எதை எங்கே வைக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில்தான் வேர்டு ஆவணம் இயங்குகிறது. மேக்ரோ இயங்கும்போது அது கையாளும் சொற்களும் யூனிகோடில்தான் இருக்கின்றன. ஆனால், மேக்ரோவை எழுதும் விபிஏ (வேர்டின் நிரல் மொழி) ஜன்னல் 1990களின் அமைப்பிலேயே நின்றுவிட்டது. யூனிகோட் அல்லாத நிரல்களுக்கென விண்டோஸில் எந்த மொழி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த மொழியின் கோட் பேஜில் (எழுத்துகளுக்கான பழைய எண் பட்டியலில்) உள்ள எழுத்துகளை மட்டுமே அது ஏற்கும். எளிய சீனத்துக்கு 936 என்ற கோட் பேஜ் இருக்கிறது. உங்கள் தோழியின் கணினியில் அது தேர்வாகியிருக்கும். விண்டோஸ் 2000இல் தமிழ் யூனிகோட் வழியாகவே சேர்க்கப்பட்டதால், அந்த இடத்தில் பொருத்தக்கூடிய கோட் பேஜ் தமிழுக்குக் கிடையாது. (அதற்கு முன்பு ஆளுக்கொரு குறியீட்டில் தமிழைத் தட்டச்சு செய்துவந்த குழப்பத்தைத் தீர்க்க 1997இல் நம் சிங்கப்பூரில்தான் தமிழ் இணைய மாநாடு கூடியது. அந்தக் காலத்தின் எச்சத்தை இன்று ஒரு துணைப்பாட ஆசிரியை எதிர்கொள்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.)

ஒவ்வோர் எழுத்தையும் அதன் எண்ணைக் கொடுத்து உருவாக்கும் ‘சிஎச்ஆர்டபிள்யூ’ என்ற செயற்கூறு உண்டு. 2949 என்று கொடுத்தால் ‘அ’ வரும். ஒன்றிரண்டு சொற்களுக்கு அது போதும். முழு வாக்கியங்களை அப்படி எழுதினால், பிறகு திருத்துவதற்கு உங்களாலேயே படிக்க முடியாது. ஆகவே, நிரலுக்குள் தமிழை வைக்காமலிருப்பதே என் அழுத்தமான பரிந்துரை. தமிழ் இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. பொத்தான்களின் பெயர்கள் ரிப்பனை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் பகுதியில் இருக்கட்டும். அது யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8இல் சேமிக்கப்படுவதால், ‘லேபிள்’ என்ற பண்புக்கு நேராகத் தமிழிலேயே எழுதலாம். அதிலுள்ள அடையாளப் பெயரையும் அது அழைக்கும் மேக்ரோவின் பெயரையும் மட்டும் ஆங்கில எழுத்துகளில் வையுங்கள். தெரிவுவிடைக் கட்டம், ‘பின்வரும் பகுதியைப் படித்து விடையளிக்கவும்’ போன்ற கட்டளை வரிகள் முதலியவற்றை டெம்ப்ளேட்டிலேயே (மாதிரிக் கோப்பிலேயே) வேண்டிய வடிவமைப்புடன் தட்டச்சு செய்து, ஆட்டோடெக்ஸ்ட் பதிவுகளாகச் சேமித்துவிடுங்கள். மேக்ரோவின் வேலை அந்தப் பதிவைப் பெயர் சொல்லி அழைத்து நுழைப்பது மட்டுமே. கட்டளை வரியை நாளை மாற்ற நினைத்தால், மூத்த ஆசிரியர் ஒருவரே நிரலைத் தொடாமல் மாற்றிவிட முடியும்.

எக்ஸ்எம்எல் பகுதியை டெம்ப்ளேட்டுக்குள் சேர்ப்பதற்கு ‘ஆஃபிஸ் ரிப்பன்எக்ஸ் எடிட்டர்’ என்ற இலவசக் கருவி உதவும். ரிப்பன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்ததிலிருந்து இதுவே முறை. பழைய நூல்களில் காணப்படும் ‘கமாண்ட்பார்ஸ்’ வழியைப் பின்பற்றினால், பொத்தான்கள் ‘ஆட்-இன்ஸ்’ டேபுக்குள் ஒதுங்கிவிடும். மேக்ரோ, ரிப்பன், ஆட்டோடெக்ஸ்ட் மூன்றும் அடங்கிய அந்த ஒரே டெம்ப்ளேட்டை ஒவ்வொருவரின் கணினியிலும் வேர்டின் ‘ஸ்டார்ட்அப்’ ஃபோல்டரில் வைத்தால், எந்த ஆவணத்தைத் திறந்தாலும் ‘பயிற்சித்தாள்’ டேப் தோன்றும். குறுக்குவிசைகளும் இப்படித்தான். நீங்கள் அமைத்தவை உங்கள் கணினியின் ‘நார்மல்’ டெம்ப்ளேட்டில் பதிந்திருக்கும். அதனால்தான் அவை கோப்புடன் போவதில்லை. குறுக்குவிசை அமைக்கும் ‘கீபைண்டிங்ஸ்’ கட்டளைக்கு முன்னால் ‘கஸ்டமைசேஷன்கான்டெக்ஸ்ட்’ என்பதை உங்கள் டெம்ப்ளேட்டுக்கு மாற்றிக்கொண்டால், அவை அதற்குள்ளேயே பதிவாகும்.

கோப்பை மின்னஞ்சலில் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். இணையம் வழியே வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் வேர்டு இயல்பாகவே தடுக்கிறது. பெறுபவர் கோப்பின் மீது வலப்புறம் சொடுக்கி, ‘பிராப்பர்ட்டீஸ்’ சென்று ‘அன்பிளாக்’ என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே ஃபோல்டரில் வைக்க வேண்டும். மேக் கணினியின் வேர்டில் இவை இயங்கும். பிரவுசர் வேர்டில் விபிஏ அறவே இயங்காது.

மறுமொழி: தேக்கா பக்க வடிவமைப்பாளர்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும், நீங்கள் கேட்ட ஐந்து பொத்தான்களில் இரண்டு தேவையே இல்லை என்று சொல்ல விரும்புகிறேன். வேர்டு தமிழைக் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற வகையில் சேர்த்து, அதற்கெனத் தனி எழுத்துருவையும் தனி அளவையும் வைத்திருக்கிறது. ஸ்டைலை (பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்பை) திருத்தும்போது ‘ஃபான்ட்’ பெட்டியில் லத்தீன் எழுத்துக்கு ஒன்றும் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு மற்றொன்றும் ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் அதனதன் எழுத்துரு தானாகவே அமையும். அளவையும் அங்கேயே பொருத்திக்கொள்ளலாம்; தமிழுக்கு அரைப் புள்ளியோ ஒரு புள்ளியோ குறைத்தால்தான் பக்கம் சீராகத் தெரியும் என்பது என் கண்ணுக்குப் பட்டது. மேக்ரோவில் ‘ஃபான்ட்.நேம்’ என்பதை மாற்றியும் தமிழ் எழுத்து மாறவில்லையே என்று பலர் திகைப்பதற்கும் இதுவே காரணம். அங்கே மாற்ற வேண்டியது ‘நேம்பிஐ’.

‘விடைகளை மறை’ பொத்தானுக்கும் ஸ்டைலையே நம்புங்கள். ‘விடை’ என்ற எழுத்து ஸ்டைல் ஒன்றை உருவாக்கி, அடிக்கோட்டின் நிறத்தைக் கறுப்பாக நிலைநிறுத்துங்கள். மேக்ரோ அந்த ஸ்டைலின் எழுத்து நிறத்தை மட்டும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே மாற்றினால், ஒரே கோப்பு மாணவர் தாளாகவும் விடைத்தாளாகவும் பயன்படும். அச்சிட்டுக் கொடுப்பதற்கு இது மிகப் பொருத்தம். பிடிஎஃப் கோப்பாக அனுப்புவதாக இருந்தால் இதைச் செய்யவே செய்யாதீர்கள். வெள்ளை எழுத்தைத் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் விடை வெளிப்பட்டுவிடும்.

மறுமொழி: ஜூரோங் தமிழன்

பிரவுசரில் வேலை செய்யும் ஆசிரியருக்கு கூகல் டாக்ஸில் மேக்ரோ போல நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு வழி. ‘ஆன்ஓப்பன்’ செயற்கூறில் ‘கிரியேட்மெனு’ என்று அழைத்துத் தமிழ்ப் பெயர்களை நேராகவே எழுதலாம். கேள்விக்குறித் தொல்லை இல்லை. ஆனால், புதிய மெனுவையோ பக்கப் பலகையையோ சேர்க்க முடியுமே தவிர, இருக்கும் கருவிப்பட்டையை மாற்றவோ சொந்தக் குறுக்குவிசை அமைக்கவோ இயலாது. மேலும், ஆவணத்தைத் திருத்தும் அனுமதி உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த மெனு தோன்றும். இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸிலும் பேசிக், பைத்தான் என்ற இரு நிரல் மொழிகளிலும் தமிழை நேரடியாக எழுதலாம். மெனு, கருவிப்பட்டை, விசை அனைத்தையும் ‘கஸ்டமைஸ்’ பெட்டியிலேயே மாற்றலாம். எல்லாரும் அதற்கு மாறத் தயாராக இருந்தால் நான் அதையே பரிந்துரைப்பேன். பாதிப் பேர் வேர்டிலும் பாதிப் பேர் லிப்ரேயிலும் இருந்தால் கட்டங்கள் இடம் மாறும்; அந்தக் கலப்பு வேண்டாம்.

மறுமொழி: உட்லண்ட்ஸ் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்டைலில் இரண்டு எழுத்துருக்களையும் பொருத்திவிட்டேன். அந்த இரு பொத்தான்களும் உண்மையிலேயே தேவைப்படவில்லை. வெள்ளை எழுத்து முறையில் மட்டும் எனக்கொரு தயக்கம் இருக்கிறது. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் குழந்தை கையால் எழுதுவதற்கு அச்சுச்சொல்லின் அகலம் போதாது. ஆகவே, எழுத்தின் எண்ணிக்கைக்கேற்பக் கோட்டை நீட்டிவிட்டு, விடையைக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்ப நினைக்கிறேன். ஆனால் சொல்லின் நீளத்தை எண்ணும் ‘லென்’ என்ற செயற்கூறு ‘பயிற்சி’ என்ற சொல்லுக்கு 7 என்கிறது. நான்கு எழுத்துதானே?

மறுமொழி: பிடோக் வாசகன்

யூனிகோடில் உயிர்மெய் எழுத்து ஒரே குறியீடாக இல்லை. ப, ய, ற, ச ஆகிய நான்கும், இகரக் குறிகள் இரண்டும், புள்ளி ஒன்றும் சேர்ந்து ஏழாகின்றன. தேர்ந்தெடுத்த சொல்லின் ஒவ்வொரு குறியீட்டையும் அதன் எண்ணைச் சொல்லும் ‘ஏஎஸ்சிடபிள்யூ’ கொண்டு பார்த்து, 3006 முதல் 3021 வரை உள்ளவற்றை எண்ணாமல் விடுங்கள். உயிர்க்குறிகளும் புள்ளியும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. எஞ்சுவதே எழுத்தின் எண்ணிக்கை. ‘கொக்கு’ என்ற சொல்லின் ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும், வேறு சில கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியும். இரண்டு வகையிலும் இந்தக் கணக்கு மூன்று என்றே சரியாகச் சொல்லும். ‘க்ஷ’ மட்டும் இரண்டாக எண்ணப்படும். கோட்டின் நீளத்துக்கு அது பொருட்டல்ல.

விடை என்ற சொல் ஆவணத்திலிருந்தே எடுக்கப்படுவதால், அதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு புக்மார்க்கிட்ட இடத்துக்கு அனுப்பும்போது தமிழ் சிதையாது. செய்தி காட்டும் ‘எம்எஸ்ஜிபாக்ஸ்’ பெட்டியில் மட்டும் காட்டாதீர்கள். அங்கே மறுபடியும் கேள்விக்குறிகள் வரும்.

இந்த மேக்ரோ ஒரே சொடுக்கில் சொல்லை நீக்குகிறது, கோடிடுகிறது, எண்ணிடுகிறது, விடையை நகர்த்துகிறது. தவறான சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்ட ஆசிரியர் கண்ட்ரோல்-இசட் அழுத்தினால், இவை ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் பாதி வழியில் நின்றுவிடக்கூடும். நிரலின் தொடக்கத்தில் ‘அண்டூரெகார்ட்’ பொருளின் ‘ஸ்டார்ட்கஸ்டம்ரெகார்ட்’ கட்டளையையும் முடிவில் ‘எண்ட்கஸ்டம்ரெகார்ட்’ கட்டளையையும் சேருங்கள். 2010 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அதன்பின் ஒருமுறை அழுத்தினாலே பத்தி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.